தண்டுவடம் அடிபட்ட பிறகு மீண்டும் மைதானத்துக்கு: சென்னையில் செய்ய வேண்டியவை, வரிசையாக

இதைப் படிக்கும்போது நீங்கள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கலாம். அல்லது வெளியே வராந்தாவில், கையில் மருந்துச் சீட்டோடு, தம்பிக்காகவோ மகளுக்காகவோ காத்திருக்கலாம். யாராக இருந்தாலும் மனத்தில் ஓடுவது ஒரே கேள்விதான்: மறுபடியும் எப்போது நடக்க முடியும்? எனக்கும் அதுதான் ஓடியது. அதற்குப் பதில் தெரியட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று ஒன்றரை ஆண்டு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தேன். அடையாள அட்டை எடுக்கவில்லை, அளவான நாற்காலி வாங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை, கூட ஆடியவர்களைத் தேடிப் போகவில்லை. அந்த ஒன்றரை ஆண்டு உங்களுக்கும் வீணாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வாலிபால் ஆடியவன். 2019-ல் ஜி.எஸ்.டி. சாலையில், ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது என் பைக் மீது கார் மோதியது. முதுகெலும்பில் டி10 என்கிற இடம் நொறுங்கியது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சில படிகள் வேறுபடும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு ஒரு நகலுக்காக மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும். கேட்டு வாங்குங்கள்:

- டிஸ்சார்ஜ் சம்மரி. அடிபட்ட எலும்பின் எண் மட்டும் இருந்தால் போதாது. நரம்பு பாதிப்பின் நிலையும், ஏ முதல் இ வரையுள்ள ஏஷியா தரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏ என்றால் முழுமையான பாதிப்பு. சான்றிதழ், காப்பீடு, பின்னாளில் பாரா விளையாட்டு வகைப்பாடு ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு வரிதான் ஆதாரம்.
- எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் அறிக்கைகளோடு அவற்றின் படங்கள் உள்ள குறுந்தகடு.
- முதுகில் கம்பி, திருகு வைத்திருந்தால் அறுவைச் சிகிச்சைக் குறிப்பு.
- விபத்துப் பதிவேட்டின் நகல். சாலை விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையின் நகலும்.
- எல்லா ரசீதுகளின் அசலும். காப்பீட்டுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் தொடர்பாக இரண்டு விஷயங்கள். இன்னொரு வாகனம் மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படுக்கையில் கிடந்தபடியே வக்கீலைப் பிடிக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். அடுத்தது, பலருக்குத் தெரியாதது: வண்டியின் உரிமையாளரே ஓட்டியிருந்தால் அவருக்கென்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். தானாகவே வழுக்கி விழுந்திருந்தாலும் அது பொருந்தும். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கும். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் நோயாளி உள்ளே இருக்கும்போதே வருமானச் சான்றுக்கு ஓடுங்கள்.

2. மறுவாழ்வு சிகிச்சைக்குத் தனியாகச் சேருங்கள்

அறுவைச் சிகிச்சை எலும்பை நிமிர்த்தும். வாழக் கற்றுக்கொடுப்பது மறுவாழ்வு சிகிச்சை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தரையில் விழுந்தால் ஏறுவது, சிறுநீரைக் கவனிப்பது எல்லாம் அங்கேதான் படிய வேண்டும். சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில். அதற்கு மேரி வர்கீஸ் பெயர் வைத்திருக்கிறார்கள்; அவரே விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டவர்.

குறைந்தது ஆறு வாரம் தங்கிப் படிக்க மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்; மூன்று மாதம் கிடைத்தால் நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபிஸ்டை வரவழைத்தபோது எனக்கு ஒரு தடவைக்கு 500 முதல் 700 ரூபாய் ஆனது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே இலவசமாக வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன, இரண்டிலும் நான் விழுந்தேன்.

முதலாவது, ஸ்டெம் செல் ஊசி. "ஆறு மாதத்தில் எழுந்து நிற்பார்" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். அம்மா வளையலைக் கழற்றினார். மூன்று லட்சம் போனது. அசைவு எதுவும் வரவில்லை. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வுநிலையில்தான் இருக்கிறது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைக் காசுக்குச் செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆய்வில் பங்கெடுப்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். உங்களிடம் பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல.

இரண்டாவது, ஒத்தடம். அன்போடுதான் செய்வார்கள். என் அத்தை நல்லெண்ணெயைச் சூடாக்கித் தொடையில் தேய்த்து, வெந்நீர்ப் பையையும் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் போர்வையை விலக்கியபோது உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம். உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு எதுவும் படக் கூடாது. மடியில் காபி டம்ளர் வைப்பது, வெயிலில் நின்ற வண்டியின் சீட்டில் அப்படியே உட்காருவது, மடிக்கணினியைத் தொடையில் வைப்பது எல்லாமே இதில் அடங்கும்.

3. சிறுநீர், மலம், தோல்: இது மூன்றும் ஒழுங்கானால்தான் மற்றது

வார்டில் பக்கத்துக் கட்டிலில் பதினைந்து ஆண்டுகளாக நாற்காலியில் இருக்கும் ஓர் அண்ணன் இருந்தார். புண்ணுக்கு மருந்து போட வந்தவர். நான் காலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூத்திரப்பையை முதலில் கவனி. கிட்னி போனால் ஆளே போய்விடுவோம்." எந்த மருத்துவரும் அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

*சிறுநீர்.* நிரந்தரமாக டியூப் மாட்டிக்கொண்டே வீட்டுக்கு அனுப்பினால், "இடைவெளி விட்டு நானே கதீட்டர் (சிறுநீரை எடுக்கும் மெல்லிய குழாய்) போட்டுக்கொள்ள முடியுமா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கை நன்றாக இருக்கும் பெரும்பாலானோருக்கு அதுதான் நல்லது. நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேர விடக் கூடாது. எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து. சாதாரண கதீட்டர் மொத்தமாக வாங்கினால் ஒன்று சுமார் 40 ரூபாய். வழுவழுப்புப் பூச்சுள்ளது பல மடங்கு விலை. இந்த மாதச் செலவை வாடகைபோல முன்கூட்டியே ஒதுக்குங்கள். வெளியே போகும்போது கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரிய தவறு. தொற்று வர அதுவும் ஒரு காரணம். காய்ச்சல், கலங்கல், துர்நாற்றம், காலில் இழுப்பு அதிகமாவது இவை அடையாளங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் கட்டாயம்.

*மலம்.* தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம், அதே முறை. எனக்கு விடியற்காலை ஐந்து மணி. காலைப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் அதற்கேற்ப நேரத்தை மாற்றிப் பழகக் குறைந்தது ஒரு மாதம் பிடிக்கும்.

*தோல்.* படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரள வேண்டும். நாற்காலியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிட்டத்தின் மீதுள்ள பாரத்தை இறக்க வேண்டும். கையை ஊன்றி ஒரு நொடி எழும்பி உட்காருவதை நாங்கள் விளையாட்டு வீரர்கள் பெருமையாகச் செய்வோம். அது போதாது. முன்னால் குனிந்து மார்பைத் தொடையில் சாய்த்து இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள், தோள்பட்டையும் தப்பிக்கும். காலையும் இரவும் நீளப்பிடி வைத்த கண்ணாடியால் பின்புறம், குதிகால், கணுக்கால் எல்லாம் பாருங்கள். சிவப்பு அரைமணியில் மறையவில்லையென்றால் அது மறையும்வரை அந்த இடத்தின்மீது உட்காராதீர்கள்.

வீட்டுக்கு வந்து ஐந்தாவது மாதம், அணியினர் பார்க்க வருகிறார்கள் என்று என் பழைய வாலிபால் ஷூவை மாட்டிக்கொண்டேன். நாடாவை முன்புபோலவே இறுக்கிக் கட்டினேன். மூன்று மணிநேரம் சிரித்துப் பேசினோம். ஷூவைக் கழற்றியபோது சாக்ஸில் ரத்தம். உள்ளே ஒரு சோளம் அளவு கல் இருந்திருக்கிறது. அந்தக் குதிகால் புண் ஆற ஏழு வாரம். இப்போது ஒரு எண் பெரிய ஷூ வாங்குகிறேன். போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல் போடுவதில்லை.

டி6 மட்டத்திலோ (நடு மார்பு அளவு) அதற்கு மேலோ அடிபட்டவர்கள் இன்னொன்றையும் வீட்டாருக்குச் சொல்லி வைக்க வேண்டும். திடீரென்று மண்டை வெடிக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்தம் எகிறுவது: உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், டியூப் மடங்கியிருக்கிறதா, சிறுநீரோ மலமோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள். இது உயிருக்கே ஆபத்து.

தாம்பத்தியம், குழந்தை பற்றி மருத்துவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். நீங்களே கேளுங்கள். ஆண்களுக்கு மாத்திரையும் விந்தெடுக்கும் முறைகளும் இருக்கின்றன. பெண்கள் கருத்தரிக்கலாம், பெறலாம். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டு, கல்யாணப் பேச்சையே முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

4. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

"அட்டை வாங்கிவிட்டால் இனி நடக்கவே முடியாது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று என் வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன். அட்டை உங்கள் காலைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதில்லை. அது ஒரு சாவி, அவ்வளவுதான். உடனே விண்ணப்பியுங்கள்.

தேசிய தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். அட்டைக்குக் கட்டணம் இல்லை. தேவையானவை: ஆதார், அதோடு இணைந்த கைப்பேசி எண், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, முதல் படியில் சொன்ன டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கைகள். பிறகு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி.

கவனிக்க வேண்டியவை:

பெயரின் இனிஷியல். ஆதாரில் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. நம் ஊரில் இது எல்லோர் வீட்டிலும் உண்டு. எனக்கு அட்டை வந்த பிறகு ரயில் சலுகை நின்றதற்கு இந்த ஒற்றை எழுத்துதான் காரணம். முதலில் ஆதாரைச் சரி செய்யுங்கள். பிறகு அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

தற்காலிகச் சான்றிதழ். காயம் புதிது என்றால் காலாவதித் தேதி போட்டுக் கொடுப்பார்கள். அது முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். தேதி தாண்டினால் எல்லாச் சலுகையும் ஒரே நாளில் நிற்கும்.

மருத்துவக் குழு முன் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும் பழக்கம் விளையாட்டு வீரர்களுக்கு அதிகம். கையால் நாற்காலியை வேகமாகத் தள்ளிக் காட்டினேன் நான். அங்கே அதற்கு அவசியமில்லை. எது முடியவில்லை என்பதை அப்படியே சொல்லுங்கள்.

போகும் நாள் காலையில் முழு நாளுக்கான கதீட்டர், தண்ணீர், சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் வரிசையிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை ஆறரை மணிநேரம் ஆனது.

5. அட்டை கிடைத்ததும் கேட்க வேண்டியவை

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. மின்கலச் சக்கர நாற்காலி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கும் அங்கேதான் மனு. ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சாக "பார்க்கிறோம்" என்பதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

நகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி ஆகியவற்றில் இருவருக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வேயின் தனி அட்டை வேண்டும், அரசு மருத்துவர் கையெழுத்திட்ட சலுகைச் சான்றின் பேரில் கொடுப்பார்கள். வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு.

நிராமயா காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கானது. தண்டுவடக் காயம் மட்டும் இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

6. வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையில் சேர்ந்தவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். விளையாடத்தானே எடுத்தார்கள், இனி எப்படிப் போவது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். எனக்கு நான்காவது மாதம் ஒருவர் வீட்டுக்கே ஒரு படிவம் கொண்டுவந்தார். விருப்ப ஓய்வு. "கையெழுத்துப் போட்டால் மொத்தப் பணமும் உடனே வரும்" என்றார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அக்காதான் படித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பி வைத்தார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டை வையுங்கள். எனக்குப் பதினொரு மாதம் ஆனது. இன்று அதே அலுவலகத்தில், தரைத்தளத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

தனியார் நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு இதே வலுவோடு பொருந்தாது. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

7. நாற்காலி, வீடு, வண்டி

மருந்துக் கடையில் கிடைக்கும் மடக்கு நாற்காலி நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதற்கானது. அதில் நீங்கள் வாழ முடியாது. இடுப்பின் அகலத்தை அளந்து, அதைவிடச் சுமார் 2.5 சென்டிமீட்டர் மட்டுமே கூடுதலான இருக்கை வாங்குங்கள். அகலம் கூடினால் முதுகு ஒருபக்கம் சாயும், தோள் தேயும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை நாற்காலியை ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்கிறார்கள். அதன் முன்னால் நியோபோல்ட் என்ற மோட்டார் சக்கரத்தை மாட்டினால் சாலையில் ஸ்கூட்டர்போலப் போகலாம். பணம் போதாதவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்தைக் கேளுங்கள்; மாத வருமானம் 22,500 வரை முழு உதவி, 30,000 வரை பாதி. ஆனால் எந்த நாற்காலி என்றாலும் முதலில் மெத்தைக்குக் காசு ஒதுக்குங்கள். நல்ல காற்றறை மெத்தை ஒரு சாதாரண நாற்காலியின் விலையே ஆகும். ஒரு புண்ணுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வீட்டில் முதல் செலவு குளியலறைக் கதவு. பழைய அடுக்ககங்களில் அது இரண்டடிதான் இருக்கும். 80 சென்டிமீட்டராவது தேவை. சாய்தளம் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று கணக்கு. ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி. "இடம் இல்லை, மூன்றடியில் போட்டுவிடலாம்" என்று கொத்தனார் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள், பின்னால் சாய்ந்து மண்டை அடிபடும். வீடு மாற்றுவதாக இருந்தால் லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

ஸ்கூட்டருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்த எனக்கு 24,000 ரூபாய். பொருத்திய பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும், உரிமத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தால் காப்பீடு கையை விரிக்கும்.

8. மைதானம்

எப்போது தொடங்கலாம்? மருத்துவர் முதுகெலும்பு கூடிவிட்டது என்று சொன்ன பிறகு, தோலில் ஒரு புண்கூட இல்லாதபோது, சிறுநீர் நேரம் கைக்கு வந்த பிறகு. மூன்றும் சேர்ந்த நாள்தான் தொடங்கும் நாள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான் நேராக அமர்வு வாலிபாலுக்குப் போனேன். வாலிபால்காரன் வேறெங்கே போவான்? வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர் உயரம், களம் பத்துக்கு ஆறு மீட்டர். பந்தை மறுபடி தொட்ட அன்று அழுதேன். இரண்டாவது வாரம் பிட்டத்தில் தோல் உரிந்தது. அந்த ஆட்டத்தில் தரையில் பிட்டத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் நகர வேண்டும். கால் இழந்தவர்களுக்கும் போலியோவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அங்கே உணர்ச்சி இருக்கிறது, எனக்கு இல்லை. பயிற்சியாளரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் பழைய ஆட்டத்தின் பாரா வடிவம்தான் உங்களுக்கு என்று முடிவு கட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத உடம்புக்கு எது ஒத்துவரும் என்று முதலில் பாருங்கள்:

கை முழுதாக உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி கூடைப்பந்து, பாட்மின்டன், டேபிள் டென்னிஸ், டென்னிஸ், நீச்சல், பளுதூக்குதல், அமர்ந்தெறியும் குண்டு, வட்டு, ஈட்டி. கழுத்தில் அடிபட்டுக் கையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீல்சேர் ரக்பி, குவாட் பிரிவு டென்னிஸ், நீச்சல், கதை (கிளப் எனப்படும் சிறு மரத்தடி) எறிதல். சண்டையில் குண்டடிபட்ட ராணுவக் குத்துச்சண்டை வீரர் முரளிகாந்த் பேட்கர் நீச்சலுக்கு மாறித்தான் 1972-ல் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். மைதானமே வேண்டாம், வேறு வேலை இருக்கிறது என்று தோன்றினாலும் குறையில்லை. தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்த ப்ரீத்தி ஸ்ரீநிவாசன், 1998-ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த பிறகு, திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அமைப்பைத் தொடங்கித் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக உழைக்கிறார்.

வகைப்பாடு. ஒவ்வொரு விளையாட்டிலும் உடல்திறனைப் பரிசோதித்து வகை எண் தருவார்கள். அமர்ந்தெறிவதில் எஃப்51 முதல் எஃப்57 வரை, எனக்கு எஃப்55. சக்கர நாற்காலி கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி (பாதிப்பு அதிகம் என்றால் புள்ளி குறைவு), களத்தில் உள்ள ஐவருக்கும் சேர்த்து 14-ஐத் தாண்டக் கூடாது. பாதிப்பு அதிகம் உள்ளவருக்கும் அணியில் கட்டாயத் தேவை இருக்கிறது என்பது இதன் அழகு. பதிவு மாநிலப் பாரா விளையாட்டுச் சங்கத்தின் வழியாக நடக்கும். அடையாள அட்டை, ஆதார், பிறப்புச் சான்று, எம்.ஆர்.ஐ., ஏஷியா தரம் எழுதிய மருத்துவ அறிக்கை ஆகியவற்றைக் கோப்பாக வைத்திருங்கள். பாஸ்போர்ட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்; தேர்வான பிறகு ஓடினால் நேரம் போதாது. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு இருக்கிறது. முதல் போட்டிக்கு அது நல்ல இடம்.

எறிநாற்காலி. அம்பத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் 14,000 ரூபாய்க்குச் செய்தேன். மெத்தையோடு சேர்த்து இருக்கை உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டறைக்காரர் மெத்தை இல்லாமல் அளந்துவிட்டார். திரும்பக் கொண்டுபோய் நான்கு கால்களையும் அறுத்தோம். தொடையையும் கணுக்காலையும் பட்டையால் இறுக்கிக் கட்டி, இடக்கையால் கம்பியைப் பிடித்து, நான்கு கிலோ குண்டைத் தாடைக்குக் கீழே வைத்தபோது கழுத்தில் அதன் குளிர்ச்சி பட்டது. முதல் எறி ஐந்து மீட்டரைக்கூடத் தொடவில்லை. பட்டையை எறிகளுக்கு நடுவே தளர்த்த மறக்காதீர்கள். பட்டை அழுத்திய தடத்தை வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் பாருங்கள்.

நாற்காலியிலிருந்து முன்னால் விழுவது கூடைப்பந்தில் சகஜம். செயலிழந்த காலின் எலும்பு மெலிந்திருக்கும், உடைந்தாலும் வலிக்காது. விழுந்த மறுநாள் தொடை வீங்கிச் சூடாக இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். மாத்திரைகள் விஷயத்தில், போட்டிக்கு முன் உங்கள் மருந்துப் பட்டியலை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலோடு மருத்துவரிடம் சரிபாருங்கள். நீர் பிரிக்கும் மாத்திரைகள் தடையில் இருக்கின்றன, அவசியமென்றால் முன்கூட்டியே விலக்கு வாங்க வேண்டும்.

சென்னை வெயில் தனி எதிரி. அடிபட்ட மட்டத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. மார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு உடம்புச் சூடு தானாக எளிதில் இறங்காது. மார்ச் முதல் ஜூலைவரை காலை எட்டு மணிக்குப் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

முதல் ஒரு மாதம் பயிற்சிக்கு முன் உடம்பை வெளிக்காற்றுக்குப் பழக்க நான் மெரினாவுக்குப் போனேன். 2022 நவம்பரில் அங்கே நாற்காலிகளுக்கென்று மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே புயலில் சிதைந்து, பிறகு சரிசெய்தார்கள். சாலையோரத்திலிருந்து அலைக்கு அருகில்வரை யாரும் தள்ளாமல் போகலாம். விடியற்காலை ஐந்தரைக்குப் போய்வந்தால் தோளும் பழகும், கூட்டத்தின் பார்வையும் பழகும்.

முதல் நாள் பையில் எடுத்துப் போங்கள்: தேவைக்கு மேல் இரண்டு கதீட்டர், ஜெல், கைகழுவும் திரவம், கழிவுக்கு ஒரு பை, தண்ணீர் தெளிக்கும் புட்டி, ஈரத்துண்டு, மாற்றுக் கால்சட்டை, காற்று பம்பு, சக்கரத்துக்கேற்ற ஸ்பானர், அட்டையின் நகல், சிறிய கண்ணாடி. மைதானத்துக்கு முந்தைய நாளே ஒருமுறை போய், எந்த வாசலில் படி இல்லை, எந்தக் கழிவறைக் கதவில் நாற்காலி நுழைகிறது, அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.